விவாத இழை: பிள்ளையைக் கிணற்றில் போட்டுவிட்டு "இப்போது உறுதியாகிவிட்டது" என்றவள்

#1 பழுப்பேடு

1637 ஆகஸ்ட். பாஸ்டன் உண்டாகி ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. சபையைச் சேர்ந்த ஒரு பெண், தன் ஆத்துமா மீட்கப்பட்டதா இல்லையா என்ற கவலையில் உருகிப்போய், யார் ஆறுதல் சொன்னாலும் காது கொடுக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டாள். ஒருநாள் கைக்குழந்தையைத் தூக்கிக் கிணற்றில் போட்டாள். வீட்டுக்குள் வந்து, "நான் நரகத்துக்குத்தான் போவேன் என்பது இப்போது உறுதியாகிவிட்டது, பிள்ளையைக் கொன்றுவிட்டேனே" என்ற பொருளில் சொன்னாள். பக்கத்திலிருந்தவர்கள் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

எழுதி வைத்தவர் அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய மாசசூசெட்ஸ் காலனியின் கவர்னர் ஜான் வின்த்ராப். அவருடைய நாட்குறிப்பில் நாலைந்து வரிதான். அவள் பெயர் இல்லை.

இரண்டு வாரமாக அந்த நாலு வரியிலேயே கிடக்கிறேன். அவள் சொன்னதில் "உறுதி" என்பதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. யார் மீட்கப்படுவார், யார் மாட்டார் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே முடிவாகிவிட்டது என்பது அந்த ஊரை உண்டாக்கிய பியூரிட்டன்களின் (கடுமையான ஒழுங்குள்ள ஆங்கிலேய புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) நம்பிக்கை. நீங்கள் செய்யும் எதுவும் அதை மாற்றாது. ஆனாலும் தினமும் உள்ளே குனிந்து அடையாளம் தேடிக்கொண்டே இருக்கவேண்டும். அடையாளம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியானால் அது அகந்தையாக இருக்கலாம். கிடைக்கவில்லை என்று சோர்ந்தால் அது அவிசுவாசமாக இருக்கலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கை முதுகில் குத்துகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் சந்தேகமில்லாமல் அடையக்கூடிய ஒரே இடம் நரகம். அவள் அதைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்) டோரதி டால்பி. இவளைப் பற்றி அதிகம் தெரியும். சபையில் நல்ல பெயர் எடுத்த பெண். மனம் இருண்டது. புருஷனையும் பிள்ளைகளையும் தன்னையும் கொல்ல முயன்றாள், அப்படிச் செய்யச் சொல்லி கடவுளிடமிருந்து வெளிப்பாடு வந்ததாகச் சொன்னாள், சாப்பிட மறுத்தாள். 1637-ல் புருஷனை அடித்ததற்காக அவளை ஒரு கம்பத்தில் சங்கிலியால் கட்டிவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆராதனைக்கு வர மட்டும் அவிழ்த்துவிடலாம். பிறகு சபைநீக்கம். பிறகு சவுக்கடி. சவுக்கடிக்குப் பின் கொஞ்ச நாள் சரியாக இருந்தாளாம். 1638 கடைசியில் மூன்று வயது மகளைக் கொன்றாள், வரப்போகும் துன்பத்திலிருந்து பிள்ளையைத் தப்புவிக்கிறேன் என்ற எண்ணத்தில். பிள்ளையின் பெயர் டிஃபிகல்ட். ஆமாம், "கஷ்டம்" என்றுதான் பெயர்.

விசாரணையில் வாய் திறக்கவில்லை. பேசாவிட்டால் பாரம் ஏற்றி நசுக்கிக் கொல்வோம் என்று கவர்னர் மிரட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள். தீர்ப்பு சொல்லும்போது எழுந்து நிற்கவில்லை, முகத்திரையை விலக்கவில்லை. தூக்குமரத்தில் முகத்தை மூட வைத்திருந்த துணியைப் பிடுங்கி, கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். தலையை வெட்டிவிடுங்கள், வலியும் குறைவு அவமானமும் குறைவு என்று முன்பே கேட்டிருந்தாள். இரண்டு போதகர்கள் கூடவே போனார்கள். அவர்களால் ஒன்றும் செய்யமுடியவில்லை என்று வின்த்ராப் முடிக்கிறார்.

"ஒன்றும் செய்யமுடியவில்லை" என்றால், அழவைக்க முடியவில்லை என்று பொருள். என் வாதம் இதுதான்: அந்த ஊர் தாயின் குற்றத்தை எடைபோட்டதைவிட, அவள் எப்படிக் குனிகிறாள் என்பதைத்தான் எடைபோட்டது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

#2 சுள்ளான்77

400 வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் ஊர்ல நடந்ததுக்கு இங்க எதுக்கு இழை? அப்புறம் ஒண்ணு. பெத்த பிள்ளையைக் கொன்னவளை வேற என்ன செய்யணும்ங்கிறீங்க? மாலை போடணுமா?

#3 நடுநிசிநர்ஸ்

சுள்ளான் தம்பி, மாலை வேண்டாம். கம்பத்துல கட்டி வைக்காம இருந்திருந்தா போதும்.

நான் பிரசவ வார்டுல பதினாறு வருஷமா இருக்கேன். பழுப்பேடு சொன்னதுல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்ச இடம், "பிள்ளையைத் துன்பத்துலருந்து தப்புவிக்க". இந்த வார்த்தையை நான் காதால கேட்டிருக்கேன். பிள்ளை மேல கோவம் இருக்காது. வெறுப்பு இருக்காது. ரொம்பப் பாசமா, ரொம்ப அமைதியா சொல்லுவாங்க. தூக்கம் போயிருக்கும், சாப்பாடு போயிருக்கும், யாரோ சொல்ற மாதிரி கேக்கும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற தீவிர மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும். மருந்து இருக்கு, படுக்கவெச்சு கூட ஆள் இருந்தா சரியாயிடும். ஆனா அந்த நேரம் தனியா மட்டும் விடக்கூடாது.

டால்பிக்கு அதுதான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். பிள்ளைக்கு மூணு வயசு, பிரசவத்தோட மட்டும் முடிச்சுப்போட முடியாது. 400 வருஷம் தள்ளி உக்காந்து சீட்டு எழுதறது தப்பு. ஆனா அந்தச் சபைக்கு முதல் எச்சரிக்கை வந்து ஒரு வருஷத்துக்கு மேல நேரம் இருந்துச்சு. அந்த நேரத்துல அவங்க கொடுத்தது சங்கிலி, சபைநீக்கம், சவுக்கு.

#4 தோமையார்மலை

ஒரு கிறிஸ்தவனாக, அதிலும் கால்வின் வழிச் சபையில் (பியூரிட்டன்களும் அந்த வழிதான்) வளர்ந்தவனாகச் சில திருத்தங்கள்.

முதலாவது, முன்குறித்தல் (மீட்பு முன்பே முடிவாகிவிட்டது) என்ற போதனை மனிதரைப் பைத்தியமாக்கவே உண்டானது போல எழுதுகிறீர்கள். என் பாட்டி அதே போதனையில்தான் இறந்தார்கள். அவர்களுக்கு அது பஞ்சணை: "என் மீட்பு என் கையில் இல்லை, அதனால் நான் கெடுக்கவும் முடியாது." ஒரே போதனை ஒருவருக்கு மெத்தை, ஒருவருக்கு முள். பியூரிட்டன் போதகர்களுக்கும் இது தெரியும். மனச்சோர்வுள்ளவர்களைத் தேற்றுவதற்கென்றே அவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, பெண்ணை மட்டும் தண்டித்த ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 1641-ல் மாசசூசெட்ஸ் தொகுத்த சட்டத்தில், புருஷன் பெண்டாட்டியை அடிக்கக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். அன்றைய உலகில் எத்தனை ஊரில் அப்படி எழுதினார்கள்? டால்பியின் புருஷன் ஜான் டால்பியையும் சேலம் சபை நீக்கியது. காரணம்: அகந்தை, மனைவியிடம் மனிதத்தன்மையில்லாமல் நடந்துகொண்டது. பழுப்பேடு இதை விட்டுவிட்டாரே.

மூன்றாவது, "எப்படிக் குனிகிறாள்" என்று இளக்காரமாகச் சொன்னீர்கள். கல்யாணமாகி ஏழு மாதத்துக்குள் பிள்ளை பிறந்தால், அந்தத் தம்பதி சபை முன்னால் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்யவேண்டும். செய்தால் பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதோடு கதை முடிந்தது. பல ஊர்களில் அப்படி நின்றவர்கள் பிறகு மரியாதையாகவே வாழ்ந்தார்கள். நம் பக்கம் யாராவது அப்படி எழுந்து நின்றால் முடிந்துவிடுமா? மூன்று தலைமுறைக்குப் பேசுவோம்.

#5 பழுப்பேடு

தோமையார் ஐயா, ஜான் டால்பி விஷயம் நான் விட்டது தவறுதான். வேண்டுமென்று விடவில்லை, ஆனால் விட்டது என் வாதத்துக்கு வசதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். (பாருங்கள், நானே எழுந்து நின்று அறிக்கை செய்கிறேன்.) ஆனால் ஒன்று. புருஷனுக்கு சபைநீக்கத்தோடு போயிற்று. அதுவும் பெண்டாட்டி தூக்கில் தொங்கி முடிந்த பிறகு வந்த ஞானம்.

ஏழு மாதக் கணக்கு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதுவே என் வாதத்தின் மறுபக்கமும்கூட. குனியத் தெரிந்தவர்களுக்கு வழி இருந்தது. 1701 ஜூலை 31, இப்ஸ்விச் ஊரில் எஸ்தர் ரோட்ஜர்ஸ் என்ற வேலைக்காரப் பெண்ணைத் தூக்கிலிட்டார்கள். வயது 21 இருக்கலாம். கல்யாணமாகாமல் பெற்ற இரண்டு பிள்ளைகளை இரண்டு தடவையாகக் கொன்றவள். சிறையில் மாதக்கணக்கில் போதகர்கள் வந்து போனார்கள். அவள் மனந்திரும்பினாள். தூக்குமரத்துக்குக் கலங்காமல் நடந்துபோனாள், கூட்டத்தைப் பார்த்து இளம்பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னாள். நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் பேர் வந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். பிரசங்கத்தோடு அவள் அறிக்கையையும் சேர்த்து அச்சடித்து விற்றார்கள். இரண்டு பிள்ளையைக் கொன்றவள் பரிசுத்தவதி மாதிரி போய்ச் சேர்ந்தாள். ஒரு பிள்ளையைக் கொன்ற மனநோயாளி பிசாசின் கையாளாகப் போய்ச் சேர்ந்தாள். நடுவில் உள்ள வித்தியாசம் கண்ணீர்தான்.

#6 கறுப்புக்கோட்டு

சட்டப் பக்கம் கொஞ்சம்.

இங்கிலாந்தில் 1624-ல் ஒரு சட்டம் வந்தது. கல்யாணமாகாத பெண் பிள்ளை பெற்று, அது செத்து, செத்ததை அவள் மறைத்திருந்தால், அவள்தான் கொன்றாள் என்றே எடுத்துக்கொள்ளப்படும். பிள்ளை செத்தே பிறந்தது என்று குறைந்தது ஒரு சாட்சியை வைத்து அவள்தான் நிரூபிக்கவேண்டும். தனியாகப் பெற்றவளுக்கு சாட்சி எங்கிருந்து வரும்? தனியாகப் பெற்றதுதானே குற்றமே. மாசசூசெட்ஸ் இதை 1696-ல் தன் சட்டமாக்கிக்கொண்டது. இங்கிலாந்திலேயே 1803-ல்தான் நீக்கினார்கள். கவனியுங்கள், கல்யாணமான பெண்ணுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவள் விஷயத்தில் வழக்கம்போல அரசுத் தரப்புதான் கொலையை நிரூபிக்கவேண்டும்.

தகப்பன் யார் என்பதற்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். இடுப்புவலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சி கேட்பாள்: யார் அப்பன்? அந்த நேரத்தில் பொய் வராது என்று நம்பிக்கை. வலியில் சொன்ன பெயரை மாற்றாமல் கடைசிவரை சொன்னால், அந்த ஆள் மறுத்தாலும் பிள்ளைச் செலவை ஏற்கவேண்டும். இது 1668 மாசசூசெட்ஸ் சட்டம். தோமையார் ஐயா மகிழலாம், ஆண்களையும் பிடித்தார்கள். ஆனால் பாருங்கள், ஆணுக்குப் பணம். பெண்ணுக்கு உயிரோ முதுகுத்தோலோ.

அந்த அறையில் இருந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். தலையைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, இடுப்பைத் தேய்த்துவிடும் அதே கைகள். அடுத்த வாரம் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில்.

#7 குளிர்ச்சட்டை

பாஸ்டன் பக்கம் ஒன்பது வருஷமா இருக்கேன். ஸ்டேட் ஹவுஸ் முன்னாடி மேரி டையர் சிலை இருக்கு, 1959-ல வெச்சது. உக்காந்திருக்கிற பெண், கையை மடியில வெச்சு, தலை லேசா குனிஞ்சு. பஸ்ஸுக்கு நிக்கும்போது பார்த்திருக்கேன். குவேக்கர்னு (அந்த ஊர் தடை பண்ணின ஒரு கிறிஸ்தவப் பிரிவு) தூக்குல போட்டாங்கன்னு மட்டும்தான் தெரியும். அவங்க பிள்ளை விஷயம் போன வருஷம்தான் தெரிஞ்சது. தெரிஞ்சதுக்கப்புறம் அந்தப் பக்கம் நடந்தா சிலையைப் பார்க்க முடியல.

யாராவது முழுசா எழுதுங்களேன். எனக்கு எழுதினா கை நடுங்கும்.

#8 பழுப்பேடு

எழுதுகிறேன் தோழி.

1637 அக்டோபர் 17. மேரி டையருக்குக் குறைமாதத்தில், செத்தே பிறந்த பெண் குழந்தை. உடல் உருக்குலைந்திருந்தது. பிரசவம் பார்த்தவள் ஜேன் ஹாக்கின்ஸ். கூட இருந்தவர் ஆன் ஹட்சின்சன், வீட்டில் கூட்டம் நடத்தி ஊர்ப் போதகர்களை விமர்சித்தவர். தாய்க்கு வலியில் நினைவு தப்பியிருந்தது. இருவரும் போதகர் ஜான் காட்டனிடம் யோசனை கேட்டார்கள். காட்டன், வெளியே சொல்லாமல் அடக்கம் செய்துவிடுங்கள் என்றார். பெற்றோருக்கு மட்டும் பாடம் சொல்லக் கடவுள் இதை அனுப்பியிருக்கலாம் என்பது அவர் எண்ணம். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது இந்த ஒரு வரியில்தான்.

ஐந்து மாதம் ரகசியம் நின்றது. 1638 மார்ச்சில் ஆன் ஹட்சின்சனைச் சபைக்குப் புறம்பாக்கினார்கள். அவர் எழுந்து வெளியே நடக்கும்போது ஒரே ஒரு பெண் கூட எழுந்து, கைகோத்து நடந்தாள். மேரி டையர். யார் அவள் என்று வாசலில் ஒருவர் கேட்க, விபரீதப் பிள்ளை பெற்றவள் என்று இன்னொருவர் சொல்ல, பேச்சு கவர்னர் காதுக்குப் போயிற்று. வின்த்ராப் மருத்துவச்சியை விசாரித்தார். பிறகு புதைத்ததைத் தோண்டச் சொன்னார். நூறு பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள் என்று அவரே எழுதுகிறார். மண்ணில் ஐந்து மாதம் கிடந்த உடலைப் பார்த்துவிட்டு அவர் எழுதிய வர்ணனையில் கொம்பு, செதில், நகம் எல்லாம் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். லண்டனில் அச்சாகியிருக்கிறது, அது போதும்.

காட்டன் சபை முன்னால் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

ஆன் ஹட்சின்சன் அப்போது ரோட் தீவுக்கு நாடு கடத்தப்பட்டுப் போய்விட்டார். வயது 46. பதினைந்து பிள்ளை பெற்றவர். அங்கே கர்ப்பம் கலைந்து, பிள்ளைக்குப் பதிலாகக் கட்டி கட்டியாக வந்தது. வின்த்ராப் அந்த ஊர் ஆளுக்குக் கடிதம் போட்டு விவரம் கேட்டு வாங்கினார். அவருடைய கூட்டாளி ஒருவர், அந்தப் பெண்ணின் தவறான கருத்துகள் சுமார் முப்பது, வந்த கட்டிகளும் சுமார் முப்பது என்று கணக்கு நேர் செய்து அச்சடித்தார்.

சபையில் ஹட்சின்சனிடம் போதகர் ஹ்யூ பீட்டர் சொன்னதாகப் பதிவாகியிருப்பது: நீ உன் இடத்தைவிட்டு விலகினாய், மனைவியாக இல்லாமல் கணவனாக இருந்தாய், கேட்பவளாக இல்லாமல் பிரசங்கியாக, குடிமகளாக இல்லாமல் அதிகாரியாக இருந்தாய். அந்த ஹ்யூ பீட்டர்தான் டோரதி டால்பியின் போதகர். தூக்குமரம் வரை கூட நடந்த இருவரில் ஒருவர்.

#9 நடுநிசிநர்ஸ்

முத்துப்பிள்ளை கர்ப்பம். கரு பிள்ளையா வளராம கட்டி கட்டியா வர்றது. எங்க வார்டுல வருஷத்துக்குச் சில கேஸ் வரும். முத்து முத்தா, திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். நாப்பதைத் தாண்டினவங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஹட்சின்சனுக்கு அதுவா இருக்கும்னு இப்போ மருத்துவர்கள் நினைக்கறாங்கன்னு நானும் படிச்சிருக்கேன். 46 வயசு, பதினாறாவது கர்ப்பம், நாடு கடத்தி, மார்ச் குளிர்ல நடந்துபோன உடம்பு.

அதை ஒருத்தர் எண்ணியிருக்கார் பாருங்க. எண்ணியிருக்கார்!

#10 சுள்ளான்77

சரி, இது ஓவர்தான். ஒத்துக்கறேன்.

ஆனா மேரி டையரைப் பத்தி நானும் தேடிப் பார்த்தேன். ஆறு பிள்ளைங்களை வீட்ல விட்டுட்டு இங்கிலாந்துக்குப் போய் அஞ்சு வருஷம் இருந்திருக்கு. அப்புறம் வந்து, பாஸ்டன் பக்கம் வந்தா தூக்குன்னு சட்டம் போட்டும் திரும்பத் திரும்பப் போயிருக்கு. 1659 அக்டோபர்ல கழுத்துல கயிறு போட்டு, கூட ரெண்டு பேரை முதல்ல தூக்குல போட்டு, இவங்களை மட்டும் கடைசி நிமிஷத்துல விட்டிருக்காங்க. அதுக்கப்புறமும் மறுபடி போய், 1660 ஜூன் 1-ந் தேதி தூக்கு. புருஷன் கெஞ்சிக் கடிதம் எழுதியிருக்கார், என் பெண்டாட்டியை விட்ருங்கன்னு. பிள்ளைங்களை யார் பார்த்தா? தாய்மைன்னு இழை ஆரம்பிச்சீங்க, இதைப் பத்தி யாரும் பேசல.

#11 இரட்டைக்குட்டி

ஜார்ஜ் வாஷிங்டனை யாராவது கேட்டீங்களா, பிள்ளைகளை யார் பார்த்தான்னு? (அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லைன்னு தெரியும், உதாரணத்துக்குச் சொல்றேன்.) கூடத் தூக்கில் தொங்கின ரெண்டு ஆண்களோட குடும்பம் பத்தி சுள்ளான் தேடிப் பார்த்தாரா? அவங்க மதத்துக்காகச் செத்தவங்க. இவ மட்டும் பிள்ளைகளை விட்டுட்டுப் போனவ. வின்த்ராப் செத்து 11 வருஷம் கழிச்சு நடந்த தூக்கு அது, ஆனா சுள்ளான் பேசறது வின்த்ராப் குரல்லதான்.

#12 சுள்ளான்77

கேள்வி கேட்டா வின்த்ராப்பா? நல்லா இருக்கே நியாயம். நான் ஒண்ணும் அவளைத் தோண்டி எடுக்கச் சொல்லலயே.

#13 மட்டுறுத்துநர்

நடுவில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எழுதியவர்களுக்குக் காரணம் தெரியும். ஆளைப் பார்த்துப் பேசாமல் விஷயத்தைப் பேசுங்கள்.

#14 தோமையார்மலை

சுள்ளான் கேட்டது தள்ளவேண்டிய கேள்வி அல்ல. டையர் வீட்டிலேயே அது இருந்திருக்கும். பதில் சொல்ல நமக்குத் தகுதி இல்லை என்பது வேறு.

ஹ்யூ பீட்டர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவரும் லேசாகத் தப்பவில்லை. இரண்டாவது மனைவிக்குப் புத்தி கலங்கியது. டால்பிக்குச் சவுக்கைப் பார்த்தவர், சொந்த வீட்டில் அதே நோயோடு வாழ்ந்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி, ராஜாவை எதிர்த்துப் போரிட்ட க்ராம்வெல் பக்கம் சேர்ந்தார். முடியாட்சி திரும்பியதும் 1660 அக்டோபர் 16-ல் லண்டனில் தூக்கிலிட்டு உடலைத் துண்டித்தார்கள். மேரி டையர் இறந்து நாலரை மாதம். சிறையிலிருந்து தன் ஒரே மகளுக்குப் புத்திமதி எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்பாக்களுக்கும் அந்தப் பயம் உண்டு, பழுப்பேடு. பிள்ளையை யாரிடம் விட்டுப்போகிறோம் என்ற பயம்.

#15 இரட்டைக்குட்டி

நான் இரட்டைப் பிள்ளை பெத்தவ. அதனால இந்தக் கதையை நான்தான் சொல்லணும்.

ஹேவர்ஹில் ஊர். எலிசபெத் எமர்சன். பதினோரு வயசுல அப்பா மைக்கேல் எமர்சன் நெல்லடிக்கிற மாதிரியான தடியால அடிச்சதுக்காக 1676-ல நீதிமன்றம் ஏறினார். அவளைக் கொடூரமா அடிச்சார்னு பதிவு இருக்கு. அபராதம், நல்லபடி நடக்க பிணை, அவ்வளவுதான். பொண்ணை அதே வீட்லதான் விட்டாங்க. கல்யாணமாகாம முதல்ல ஒரு பொண்ணு பெத்தா. அப்புறம் 1691 மே மாசம், அப்பா அம்மா படுத்திருந்த அதே அறையில, அவங்க கட்டில் காலடியில, ராத்திரி சத்தமில்லாம ரெட்டைப் பிள்ளை பெத்தா. சத்தமில்லாம!! நான் பெத்தப்போ மூணு மாடிக்குக் கேட்டிருக்கும். பிள்ளைகளைத் துணிப் பையில வெச்சுத் தைச்சு, கொல்லையில புதைச்சா. ஞாயித்துக்கிழமை அப்பா அம்மா சபைக்குப் போன நேரம் ஊர்க்காரங்க வந்து தோண்டி எடுத்தாங்க. தகப்பன்னு சாமுவேல் லாட்ங்கிற கல்யாணமான ஆள் பேரைச் சொன்னா. அவர் மேல வழக்கே இல்ல. 1693 ஜூன் 8, பாஸ்டன்ல அவளைத் தூக்குல போட்டாங்க. பிரசங்கம் பண்ணினது பாஸ்டன் போதகர் காட்டன் மேதர், அவரே அவ அறிக்கைன்னு ஒண்ணை வாசிச்சார்.

இப்போ அவ அக்கா. ஹான்னா டஸ்டன். அதே அப்பாவுக்குப் பிறந்தவ. 1697 மார்ச்ல ஊர் மேல அபெனாக்கிங்கிற அமெரிக்கப் பழங்குடிகளோட தாக்குதல் நடந்துச்சு. ஹான்னா பிரசவிச்சு ஒரு வாரம்கூட ஆகல. அவளைப் பிடிச்சுக்கிட்டுப் போற வழியில பச்சைப்பிள்ளையைக் கொன்னாங்க. சில வாரம் கழிச்சு ஒரு தீவுல ராத்திரி தூங்கிட்டிருந்த பத்துப் பேரை, கூட இருந்த ரெண்டு பேரோட சேர்ந்து கோடாரியால கொன்னா. பத்துல ஆறு பேர் குழந்தைங்க. தலைத்தோலை உரிச்சு எடுத்துட்டு வந்தா, சன்மானத்துக்கு. அரசாங்கம் அம்பது பவுன் கொடுத்துச்சு, பாதி அவ புருஷன் கையில. அவளைப் புகழ்ந்து பிரசங்கம் பண்ணி எழுதினது யாருன்னு நினைக்கறீங்க? அதே காட்டன் மேதர்.

தங்கச்சிக்கு நாலு வருஷம் முன்னாடி கயிறு. அக்காவுக்கு 1874-லயும் 1879-லயும் சிலை.

அக்கா பாவம் இல்லைன்னு சொல்லல. என் பிள்ளையை என் கண் முன்னாடி கொன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. ஆனா செத்த பத்துப் பேர்ல ஆறு பிள்ளைங்களுக்கும் அம்மா இருந்திருப்பாங்கல்ல.

#16 கறுப்புக்கோட்டு

சாமுவேல் லாட் பற்றி நீங்கள் சொன்னது, 1668 சட்டத்தைப் பற்றி நான் சொன்னதைக் கிட்டத்தட்ட கவிழ்த்துவிட்டது. பிள்ளைகள் உயிரோடு இருந்திருந்தால் செலவுக்காகவாவது அவரை இழுத்திருப்பார்கள். பிள்ளை செத்ததும் அவருக்குப் பொறுப்பு இல்லை, அவளுக்கு மட்டும் பொறுப்பு. இதை இத்தனை நாள் நான் இப்படி யோசித்ததில்லை.

#17 குளிர்ச்சட்டை

டஸ்டன் பத்தி இன்னொண்ணு சொல்லிடறேன். அவங்க வயசான பிறகு, 1724 வாக்குல, சபையில சேர விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்காங்க. அதுல அந்தச் சிறைப்பட்ட காலம்தான் தன் வாழ்க்கையிலேயே ரொம்ப ஆறுதலான காலம்னு வருது. துன்பத்துல வேதவசனம் ஆறுதல் தந்துச்சுன்னு. அதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல பக்தியா தெரிஞ்சது. இப்போ தங்கச்சி கதையோட சேர்த்துப் படிச்சா, அந்த வீட்டுல வளர்ந்த பொண்ணுக்கு வேற எந்தக் காலம் ஆறுதலா இருந்திருக்கும்னு தோணுது. என் யூகம்தான், சண்டைக்கு வராதீங்க.

#18 நடுநிசிநர்ஸ்

சேலம் சூனிய வழக்கை யாரும் தொடலயே? சாரா குட். 1692. சிறையில இருக்கும்போது கைக்குழந்தை செத்துச்சு. நாலஞ்சு வயசு மக டோரதியையும் சூனியக்காரின்னு பிடிச்சு மாசக்கணக்கா சங்கிலியில வெச்சாங்க. ஜூலை 19 அம்மாவுக்குத் தூக்கு. பொண்ணு வெளியே வந்துச்சு, ஆனா புத்தி திரும்பவே இல்ல. 1710-ல அப்பா நஷ்டஈடு கேட்டு எழுதின மனுவுல, அவளுக்குத் தன்னைத்தானே நடத்திக்கிற அறிவு இல்லை, செலவு அதிகம்னு இருக்கு. முப்பது பவுன் கிடைச்சுது. அதே அப்பன்தான் விசாரணையில பெண்டாட்டிக்கு எதிரா பேசினவர்.

இது குற்றவுணர்வு கதையில்ல. அம்மா மேல போட்ட பழி பிள்ளை தலையில இறங்கின கதை. எழுதாம இருக்க முடியல.

#19 பழுப்பேடு

பிள்ளை தலையில் இறங்கியது என்றதும் ஞாபகம் வந்தது. 1662-ல் மாசசூசெட்ஸில் ஒரு போதகர் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி நீண்ட பாட்டு ஒன்று எழுதினார். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அதில் பிறந்த உடனே செத்த சிசுக்கள் கடவுளிடம் வழக்காடும்: நாங்கள் எதுவும் செய்யவில்லையே. கடவுள் கொஞ்சம் இரங்கி, நரகத்திலேயே கஷ்டம் குறைந்த அறையை அவர்களுக்கு ஒதுக்குவார். அன்று பிள்ளை இழக்காத தாய் அரிது. காட்டன் மேதருக்கே பதினைந்து பிள்ளைகள், அவர் சாகும்போது இருந்தது இரண்டு. அந்தப் பாட்டைத் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு, அந்த வரி வரும்போது குரல் எப்படி இருந்திருக்கும்?

தோமையார் ஐயா, நான் ஆரம்பத்தில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். குனிவதை எடைபோட்டார்கள் என்பது மட்டும் போதாது. டையர் பிள்ளை விஷயத்தில் ஜான் காட்டன் சொன்னாரே, பெற்றோருக்கு மட்டும் பாடமாக இருக்கலாம் என்று. அந்த ஒரு வார்த்தையை ஊர் ஏற்றிருந்தால் மண்ணுக்குள் இருந்தது மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். ஒரு தாயின் துக்கம் அவளுக்கும் கடவுளுக்கும் மட்டுமானது என்று ஒத்துக்கொள்ள அந்த ஊரால் முடியவில்லை. ஏனென்றால் ஒரு வீட்டின் பாவத்துக்கு ஊரையே தண்டிப்பார் என்று உண்மையாகவே பயந்தார்கள். வின்த்ராப் கெட்டவர் இல்லை என்பதுதான் கஷ்டம். பயந்தவர்.

#20 தோமையார்மலை

அது நியாயமான பேச்சு. இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஒரு சின்னச் சென்னைச் செய்தி, இழையைத் திசைதிருப்புவதாக மட்டுறுத்துநர் நினைத்தால் நீக்கிவிடலாம். 1645-ல் நியூ ஹேவன் (இன்னொரு பியூரிட்டன் காலனி) சபை தன் கவர்னரின் மனைவியையே சபைநீக்கம் செய்தது. ஆன் ஈட்டன். குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை என்று சொல்லி ஆராதனையிலிருந்து எழுந்துபோனார் என்பது ஒரு பக்கம். மாமியாரைச் சாப்பாட்டு மேஜையில் கன்னத்தில் அறைந்தார், மூத்தாள் மகளைக் கிள்ளினார், தலையை மோதினார் என்று வீட்டுக்குள் நடந்த ஒவ்வொன்றையும் சபையில் வரிசையாக வாசித்தது இன்னொரு பக்கம். அவருக்கு முதல் புருஷன் தாமஸ் யேல். அந்த வழிப் பேரன் எலிஹு யேல், பாஸ்டனில் 1649-ல் பிறந்து, 1687 முதல் 1692 வரை நம்ம சென்னைக் கோட்டைக்கு கவர்னர்.

#21 இரட்டைக்குட்டி

என்னது! அந்த யேலா? ஹைகோர்ட் பக்கம் பழைய சட்டக் கல்லூரி வளாகத்துல ஒரு கூம்பு மாதிரிக் கல்லறை நிக்குமே, அது அவர் பிள்ளையோடதுதானே?

#22 தோமையார்மலை

அதேதான் அம்மா. மகன் டேவிட், சின்ன வயதிலேயே இறந்தவன். தாத்தா பெயர் பேரனுக்கு. அதே இடத்தில் அவன் அம்மா கேத்தரினின் முதல் புருஷனுடைய அடக்கமும் இருக்கிறது. கேத்தரினுக்கும் எலிஹுவுக்கும் 1680-ல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம். பிள்ளை இறந்தபோது கேத்தரின் எந்தச் சபை முன்னாலும் நிற்கவேண்டி வரவில்லை.

#23 கறுப்புக்கோட்டு

அந்த வளாகத்தில்தான் அஞ்சு வருஷம் படித்தேன். அந்தக் கல்லறை நிழலில் டீ குடித்திருக்கிறேன். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகும்போது கிட்டப் போய்ப் பார்த்து, எழுத்து படிக்கிற மாதிரி இருந்தால் படம் போடுகிறேன்.